பிபி மாத்திரை கருப்பை இறுகுவதை எப்படி நிறுத்துகிறது? கால்சியம் மாத்திரை வலியைத் தூண்டுமா?

கேள்வி: மனைவிக்கு 29 வாரம். வயிறு அடிக்கடி கல்லுபோல் இறுகியதால் மருத்துவமனையில் சேர்த்து நிஃபெடிபின் கொடுக்கிறார்கள். தேடிப் பார்த்தால் அது பிபி மாத்திரையாம். அவருக்கோ பிபியே கிடையாது. தசைக்குள் கால்சியம் போகாமல் தடுக்கும் மருந்து என்று நர்ஸ் சொன்னார். அப்படியானால் நாலாம் மாதத்திலிருந்து தினமும் போட்டுவரும் கால்சியம் மாத்திரைதான் வலியைக் கொண்டுவந்ததா? அதை நிறுத்திவிடலாமா?

பதில்:

நிறுத்த வேண்டாம். மாத்திரையில் விழுங்கும் கால்சியம் கருப்பையை இறுக்காது. இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது.

ரத்தத்தில் கால்சியம் 100 மில்லிக்கு ஏறக்குறைய 8.5 முதல் 10.5 மி.கி. வரை இருக்கும். இந்த அளவை உடல் லேசில் நகரவிடாது. 500 மி.கி. மாத்திரை போட்டால் அதில் ஒரு பங்குதான் குடலில் உறிஞ்சப்படும். ரத்தத்தில் துளி ஏறினாலும், கால்சியத்தை ஏற்றிவிடும் பாராதைராய்டு சுரப்பி அடங்கிவிடும், எலும்பு கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். கர்ப்பத்தில், ரத்தத்தில் கால்சியத்தைச் சுமக்கும் ஆல்புமின் என்ற புரதம் குறைவதால் ரிப்போர்ட்டில் மொத்தக் கால்சியம் சற்றுக் குறைந்து தெரியலாம். எதோடும் ஒட்டாமல் தனியாக மிதந்து தசைக்குப் பயன்படும் அயனிக் கால்சியம் மாறுவதில்லை.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. கருப்பைத் தசைச் செல்லுக்கு வெளியே எப்போதுமே தேவைக்கு மேல் கால்சியம் நிற்கிறது. செல் ஓய்வில் இருக்கும்போது உள்ளே இருப்பதைப் போல சுமார் பத்தாயிரம் மடங்கு வெளியே இருக்கும். ஏரி நிரம்பி நிற்கும்போது மேலும் இரண்டு குடம் ஊற்றினால் வயலில் தண்ணீர் ஏறாது, மதகைத் தூக்கினால்தான் பாயும். கால்சியம் சேனல்தான் அந்த மதகு. நிஃபெடிபின் ஏரியைத் தொடுவதில்லை, மதகைத்தான் பிடித்துக்கொள்கிறது.

அந்த மதகு எப்படித் திறக்கிறது என்று பார்த்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். செல்லின் உறையில் குறுக்காகப் பதிந்திருக்கும் ஒரு பெரிய புரதம்தான் சேனல். நடுவில் துளை. கருப்பையில் பெரும்பங்கு வேலை செய்வது எல் வகைச் சேனல். டி வகை என்று ஒன்றும் உண்டு, மனிதக் கருப்பையில் அதன் பங்கு சிறியது. எல் வகை திறப்பதும் மூடுவதும் மின்னழுத்தத்தைப் பொறுத்தது. தசைச் செல் ஓய்வில் இருக்கும்போது அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிட எதிர்மின் பக்கம் இருக்கும். கர்ப்பத்தின் நடு மாதங்களில் அது சுமார் மைனஸ் 60 மில்லிவோல்ட். பிரசவம் நெருங்க நெருங்க மைனஸ் 45 பக்கம் வருகிறது. எல் வகைச் சேனல் திறக்கத் தொடங்குவது மைனஸ் 40ஐ ஒட்டி. நடு மாதத்தில் வாசலிலிருந்து 20 மில்லிவோல்ட் தள்ளி நிற்கும் தசை, ஒன்பதாம் மாதம் வாசற்படியிலேயே வந்து நிற்கிறது. அப்போது ஒரு சின்ன உந்துதல் போதும்.

திறந்த பிறகு நடப்பது தானாகவே பெருகும் காரியம். கால்சியம் இரண்டு நேர்மின் ஏற்றம் கொண்ட அயனி. அது உள்ளே பாயும்போது செல்லின் மின்னழுத்தம் இன்னும் மேலேறும், அதனால் பக்கத்துச் சேனல்களும் திறக்கும். நரம்பில் மின்துடிப்பை எழுப்புவது சோடியம், கருப்பைத் தசையில் அந்த வேலையையும் பெரும்பாலும் கால்சியமே பார்த்துக்கொள்கிறது. மின்துடிப்பை எழுப்புவதும் அதே அயனி, தசையை இழுக்கச் சொல்லும் சேதியும் அதுவே. கால்சியம் சேனலை அடைத்தால் கருப்பை இவ்வளவு சுத்தமாக அடங்குவதற்கு இதுதான் காரணம்.

உள்ளே வந்த கால்சியம் கால்மாடுலின் என்ற சின்னப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், ஒரு கால்மாடுலினுக்கு நான்கு அயனி. இந்த ஜோடி மயோசின் கைனேஸ் என்ற நொதியை முடுக்கிவிடும். நொதி, தசையை இழுக்கும் புரதமான மயோசினின் கழுத்துப் பகுதியில் இருக்கும் சிறு சங்கிலியில் ஒரு பாஸ்பேட்டை ஏற்றும். பாஸ்பேட் ஏறினால்தான் மயோசின் தலை ஆக்டின் இழையைப் பிடித்து இழுக்கும். இதற்கு நேர் எதிராகப் பாஸ்பேட்டைக் கழற்ற இன்னொரு நொதி எந்நேரமும் காத்திருக்கிறது. சேனல் மூடியதும் உறையில் உள்ள பம்புகள் கால்சியத்தை வெளியே இறைக்கும், உள்ளே இருக்கும் சேமிப்புப் பையும் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும், பாஸ்பேட் கழன்று தசை தளர்ந்துவிடும். வயிறு இறுகி, நின்று, தளர்வது இந்த ஒரு சுற்றுதான்.

ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சிசேரியனின்போது, தாயின் சம்மதத்தோடு, கீறலின் மேல் விளிம்பிலிருந்து ஒரு சிறு துண்டுத் தசையை எடுப்பார்கள். அதை ஒரு சென்டிமீட்டர் நீளமும் இரண்டு மில்லிமீட்டர் தடிமனும் உள்ள கீற்றாக நறுக்கி, இரு முனையிலும் பட்டுநூல் கட்டி, ஒரு முனையைக் கொக்கியிலும் மறுமுனையை விசையளவியிலும் மாட்டுவார்கள். சுற்றிலும் 37 டிகிரியில் உப்புக் கரைசல், அடியில் ஆக்சிஜன் குமிழி. முதலில் எதுவும் நடக்காது. ஓரிரு மணி நேரத்தில் யாரும் தூண்டாமலே கீற்று தானாகச் சுருங்கத் தொடங்கும். சுருங்கும், நிற்கும், தளரும், சில நிமிடம் கழித்து மறுபடியும். நரம்பு கிடையாது, மூளை கிடையாது, ஹார்மோனும் ஊற்றவில்லை. இப்போது கரைசலில் உள்ள கால்சியத்தை நீக்கினால் சில நிமிடங்களில் அசைவு நின்றுவிடும், திரும்பச் சேர்த்தால் திரும்ப வரும். கால்சியத்தை அப்படியே வைத்துவிட்டு நிஃபெடிபின் சேர்த்தாலும் நின்றுவிடும்.

அந்த அடங்கிய கீற்றின் மேல், பிரசவ வலியைத் தூண்டும் ஹார்மோனான ஆக்ஸிடோசினை ஊற்றிப் பாருங்கள். பழைய தாளம் திரும்பாது, ஆனால் மெல்லிய ஓர் இறுக்கம் வரும். எல்லாக் கால்சியமும் மதகு வழியாக மட்டும் வருவதில்லை என்பதற்கு அது சாட்சி. ஆக்ஸிடோசின் செல்லின் உறையில் தனக்கென இருக்கும் ஏற்பியில் உட்கார்ந்ததும் மூன்று வேலை பார்க்கிறது. உள்ளிருக்கும் சேமிப்புப் பையைத் திறந்துவிடுகிறது. செல்லின் மின்னழுத்தத்தை வாசற்படிப் பக்கம் தள்ளி எல் வகைச் சேனல்களை எளிதில் திறக்க வைக்கிறது. பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியை ரோ கைனேஸ் என்ற இன்னொரு நொதி வழியாக முடக்கி, கொஞ்சக் கால்சியத்திலேயே நிறைய இறுகச் செய்கிறது. இவற்றில் நிஃபெடிபின் அடைப்பது நடுவில் உள்ளதை மட்டுமே. பிரசவ வலி நன்றாகப் பிடித்து, கருப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகு நிஃபெடிபின் கொடுத்தால் பலன் சொற்பம் என்பதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, அதற்குள் கருப்பை வாயின் நார்களே இளகிப்போயிருக்கும், அதைச் சேனல் மருந்து எதுவும் மாற்றாது.

எட்டு மாதம் இந்தத் தசை ஏன் பேசாமல் கிடக்கிறது என்பதும் மின்னழுத்தக் கதைதான். பொட்டாசியம் சேனல்கள் நேர்மின் ஏற்றத்தை வெளியே கசியவிட்டுச் செல்லைக் கீழேயே அழுத்திப் பிடித்திருக்கின்றன. கர்ப்பத்தைக் காக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் ஆட்சியில் இருக்கும்வரை செல்லுக்குச் செல் இணைப்பும் குறைவு. ஒரு மூலையில் நாலு செல் துடித்தாலும் பக்கத்து வீட்டுக்குச் சேதி போகாது. நடு மாதங்களில் வயிறு ஒரு பக்கம் மட்டும் இறுகி அடங்குவது, ஊரில் சூட்டு வலி என்று சீரகத் தண்ணீர் கொடுப்பார்களே, பெரும்பாலும் இப்படி ஓரிடத்தில் எழுந்து ஓரிடத்திலேயே அணையும் துடிப்புதான். மாதம் நெருங்கியதும் பொட்டாசியம் கசிவு குறைகிறது, ஆக்ஸிடோசின் ஏற்பிகள் பல மடங்கு பெருகுகின்றன, கனெக்ஸின் 43 என்ற புரதம் செல்களுக்கு நடுவே குழாய் போட்டுவிடுகிறது. இதயத்துக்கு இருப்பதுபோல் துடிப்பைத் தொடங்கிவைக்கும் நிலையான ஓர் இடம் கருப்பைக்கு இல்லை. ஆனால் செல்கள் இப்படி இணைந்துவிட்டதால் எங்கு எழுந்தாலும் துடிப்பு மொத்தக் கருப்பைக்கும் பரவும், வலியும் ஒழுங்கான இடைவெளியில் வரும்.

வலிக்கு நடுவே இடைவெளி ஏன் வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம், ஆக்ஸிடோசின் டிரிப் ஓடும்போது இது உயிர்போகும் விஷயம். நல்ல பிரசவ வலியில் கருப்பைக்குள் அழுத்தம் 50, 60 மி.மீ. பாதரசம் வரை ஏறும். தசைக்கு நடுவே ஓடும் ரத்தக்குழாய்கள் நசுங்கும், நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறையும், தசையில் லாக்டிக் அமிலம் சேரும். அமிலம் ஏறினால் எல் வகைச் சேனல் வழியே பாயும் கால்சியம் குறையும், சுருக்கமும் பலவீனப்படும். இடைவெளியில் ரத்தம் வந்து அமிலத்தைக் கழுவிவிட்டால் அடுத்த வலி பழைய பலத்தோடு வரும். பிரசவம் முன்னேறாமல் நின்றுபோன பெண்களின் கருப்பை ரத்தத்தில் லாக்டேட் கூடுதலாகவும் அமிலத்தன்மை அதிகமாகவும் இருப்பதை லிவர்பூல் ஆய்வாளர்கள் 2004இல் காட்டினார்கள். 10 நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வலி வந்தால் டிரிப்பைக் குறைக்கச் சொல்வது முதலில் குழந்தையின் ஆக்சிஜனுக்காக. ஆனால் தசைக்கும் அது தேவை. வலி போதவில்லை என்று டிரிப்பை ஏற்றிக்கொண்டே போனால் சில சமயம் வலி இன்னும் தளர்வதற்கு இந்த அமிலமும், ஓயாமல் தூண்டப்பட்டு ஏற்பிகள் மரத்துப்போவதும் காரணங்கள்.

இனி பிபி மாத்திரைக்கு வருவோம். ரத்தக்குழாயின் சுவரிலும் இதே எல் வகைச் சேனல்தான். அதை அடைத்தால் குழாய் விரியும், பிபி இறங்கும். நிஃபெடிபின் அந்த வேலைக்காக வந்த மருந்து. 1980இல் சுவீடனில் உல்ம்ஸ்டன் குழுவினர் அதைக் குறைப்பிரசவ வலிக்குக் கொடுத்துப் பார்த்து வெளியிட்டார்கள். இதயத்திலும் கிட்டத்தட்ட இதே சேனல் இருக்கிறதே, அது நின்றுவிடாதா என்ற பயம் நியாயமானது. நிஃபெடிபின் குடும்பத்து மருந்துகள், மின்னழுத்தம் மேலேறி நிற்கும் செல்லில் உள்ள சேனலைத்தான் இறுகப் பிடிக்கும். இதயத் தசை ஓய்வில் மைனஸ் 85 பக்கம் கிடக்கிறது, அங்கே பிடி தளர்வு. ரத்தக்குழாயும் கருப்பையும் மைனஸ் 50 பக்கம் இருப்பதால் பிடி வலுவு. கை கால் சோர்ந்துபோகாததற்குக் காரணம் வேறு: எலும்புத் தசை தன் சேமிப்புப் பையிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்கிறது, வெளியிலிருந்து வருவதை நம்பி அது இல்லை.

வழக்கமான அளவு: முதலில் 20 மி.கி. வாய்வழி, பிறகு வலியைப் பார்த்து 10 முதல் 20 மி.கி. வீதம் நாளைக்கு மூன்று, நான்கு முறை, 48 மணி நேரம் வரை. முதல் அளவை 30 மி.கி.யாகக் கொடுக்கும் முறையும் உண்டு. மொத்த அளவு 60 மி.கி.யைத் தாண்டும்போது பக்கவிளைவுகள் கூடுவது தெரிந்த விஷயம். முதல் ஒரு மணி நேரம் கால் மணிக்கு ஒருமுறை பிபியும் நாடியும் பார்க்க வேண்டும், அதன்பின் ஒவ்வொரு அளவுக்கும் முன்னால். பிபியின் மேல் அளவு 90க்குக் கீழே இருந்தால் அடுத்த மாத்திரையை நிறுத்தி டாக்டரிடம் சொல்ல வேண்டும். முகம் சிவந்து சூடாவது, தலைவலி, படபடப்பு, எழும்போது கிறுகிறுப்பு ஆகியவை குழாய் விரிந்ததன் அடையாளம், பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி வந்தால் அது வேறு கணக்கு, உடனே சொல்லுங்கள். இரட்டைக் குழந்தை உள்ளவர்களுக்கு நுரையீரலில் நீர் கோர்க்கும் வாய்ப்பு கூடுதல், கூடவே டிரிப்ஸை அள்ளி ஏற்றினால் இன்னும் கூடும்.

தவறு நடப்பது பெரும்பாலும் கொடுக்கும் விதத்தில். கேப்ஸ்யூலைக் கடித்து நாக்கின் கீழ் வைக்கச் சொல்லும் பழைய பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அப்படிச் செய்தால் பிபி சடாரென்று விழும், நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தமும் அதோடு விழும். மெதுவாகக் கரைய வேண்டிய ரிடார்டு மாத்திரையை உடைத்தாலும் பொடித்தாலும் பல மணி நேரத்து மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை. பனிக்குடம் உடைந்தவர்களுக்குத் தொற்று வராமலிருக்க எரித்ரோமைசின் கொடுப்பது வழக்கம். நிஃபெடிபினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை அது மந்தப்படுத்தும். இரண்டும் சேர்ந்து போகும்போது பிபியைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கிரேப்ஃப்ரூட் சாறும் இதே வேலையைச் செய்யும்.

நஞ்சுக்கொடி விலகி ரத்தம் போகும்போது, கருப்பைக்குள் தொற்று இருக்கும்போது, இதய வால்வு சுருங்கியிருக்கும்போது, பிபி ஏற்கெனவே தாழ்ந்திருக்கும்போது இந்த மருந்து கூடாது. தொற்றில் வலியை அடக்குவது ஆபத்தை உள்ளே பூட்டி வைப்பது மாதிரி.

இதையெல்லாம் செய்து கிடைப்பது என்ன? இரண்டு நாள். அவ்வளவுதான், ஆனால் 29 வாரத்தில் அந்த இரண்டு நாளின் விலை பெரிது. அதற்குள் குழந்தையின் நுரையீரல் முதிர டெக்ஸாமெத்தசோன் 6 மி.கி. ஊசி 12 மணிக்கு ஒன்றாக நான்கு போட்டுவிடலாம், அல்லது பீட்டாமெத்தசோன் 12 மி.கி. 24 மணி இடைவெளியில் இரண்டு. பச்சிளங்குழந்தை ஐசியு உள்ள மருத்துவமனைக்கு, குழந்தையை வயிற்றிலேயே வைத்துக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2022 பரிந்துரையில் 24 முதல் 34 வாரத்துக்குள் இந்த நோக்கத்துக்காகவே நிஃபெடிபினை முன்வைக்கிறது. 48 மணிக்குப் பிறகும் வாரக்கணக்கில் தொடர்ந்து கொடுத்தால் பிரசவம் தள்ளிப்போகும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு மாதத்துக்கு என்று எழுதியிருந்தால், எதற்காக என்று கேட்பதில் தவறில்லை. நம் ஊரில் வழக்கத்திலிருக்கும் ஐசாக்ஸுப்ரினை மாதக்கணக்கில் விழுங்குவதற்கும் இதே கேள்வி பொருந்தும். அது சேனலை நேராக அடைக்காமல் வேறு வழியில் தசையைத் தளர்த்தும் மருந்து, தாயின் நாடித்துடிப்பை ஏற்றும்.

வலியை அடக்கும் இன்னொரு மருந்தான அட்டோசிபான் ஆக்ஸிடோசின் ஏற்பியையே மறைக்கிறது, பிபியைத் தொடாது, விலை அதிகம். நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடந்து 2016இல் வெளியான பெரிய ஒப்பீட்டில் குழந்தைகளின் நிலையில் இந்த இரண்டு மருந்துக்கும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. மலிவாகவும் வாய்வழியாகவும் இருப்பதால் பல இடங்களில் நிஃபெடிபினே முதலில் வருகிறது.

மெக்னீசியம் சல்பேட்டும் கொடுத்திருக்கலாம். ஆய்வகத்தில் மெக்னீசியமும் கால்சியம் சேனலில் கால்சியத்தோடு போட்டியிடும், அதனால்தான் ஒரு காலத்தில் வலியை நிறுத்தக் கொடுத்தார்கள். பரிசோதனைகளில் அந்தப் பலன் நிலைக்கவில்லை. இப்போது 32 வாரத்துக்கு முன் பிரசவம் ஆகும்போலிருந்தால் குழந்தையின் மூளையைக் காக்கக் கொடுக்கிறார்கள்: 4 கிராம் 20 நிமிடத்தில் நரம்பு வழியாக, பிறகு மணிக்கு 1 கிராம். இதில் முட்டிக்குக் கீழே சுத்தியால் தட்டிப் பார்ப்பது சடங்கில்லை. அளவு மீறும்போது முதலில் போவது அந்த உதறல், அதன்பின் மூச்சு. மூச்சு நிமிடத்துக்கு 12க்குக் குறையாமல், சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மீறிவிட்டால் முறிமருந்து கால்சியம் குளூக்கோனேட், 10 சதவீதக் கரைசல் 10 மில்லி, மெதுவாக. நிஃபெடிபினும் மெக்னீசியமும் சேர்ந்தால் பிபி அதிகம் விழலாம் என்பதால் இரண்டும் ஓடும் வார்டில் கண்காணிப்பு நெருக்கமாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு: 37 வாரத்துக்கு முன் 20 நிமிடத்தில் நான்கு முறை அல்லது ஒரு மணி நேரத்தில் எட்டு முறை வயிறு முழுதும் இறுகினால், படுத்தும் அடங்காவிட்டால், சீரகத் தண்ணீரோடு காத்திருக்க வேண்டாம். தண்ணீர் போனாலோ ரத்தம் பட்டாலோ எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம். மருத்துவமனையில் கருப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் பார்ப்பார்கள். 30 மி.மீ.க்கு மேல் இருந்தால் அடுத்த சில நாளில் பிரசவம் ஆகும் வாய்ப்பு குறைவு, பலருக்கு மருந்தே வேண்டியிருக்காது.

கால்சியம் மாத்திரையைப் பொறுத்தவரை, நம் நாட்டு வழிகாட்டுதல் 14ஆம் வாரத்திலிருந்து 500 மி.கி. வீதம் தினம் இருவேளை, பிரசவம் முடிந்து ஆறு மாதம் வரை. அது கர்ப்பகால ரத்த அழுத்த நோயின் ஆபத்தைக் குறைக்கிறது, பாலூட்டும்போதும் தேவை. பெங்களூரிலும் தான்சானியாவிலும் தலா 11,000 தலைப்பிரசவப் பெண்களிடம் 500 மி.கி.யையும் 1,500 மி.கி.யையும் ஒப்பிட்டு 2024இல் வெளியிட்டார்கள். கூடுதல் கால்சியம் எடுத்தவர்களுக்குக் குறைப்பிரசவம் கூடவில்லை. சாப்பாட்டோடு போடச் சொல்லுங்கள், இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். சேர்த்துப் போட்டால் இரும்பு உடலில் சேர்வது குறையும்.